வகுப்பறையிலிருந்து ஆய்வரங்கிற்கு

திருவள்ளுவப் பெருந்தகை பொருட்பாலிலே சொல்வன்மைக்கென ஓர் அதிகாரமும், அவையறிதலுக்கென ஓர் அதிகாரமும், அவையஞ்சாமைக்கென மற்றோர் அதிகாரமும் வகுத்துள்ளார். அவற்றோடு கேள்வி எனும் அதிகாரத்தையும் சேர்த்து எண்ணுவோமாயின், அறிந்தோர் கூடும் இடத்தில் பேசுவதும் கேட்பதும் எத்துணைப் பெரிய கலையென நம் முன்னோர் மதித்தனர் என்பது புலனாகும். அக்காலத்து அவைகளின் இடத்தை இக்காலத்தில் பெற்றிருப்பவை ஆய்வு மாநாடுகள் எனலாம். ஆயினும், மாநாடு என்றதும் அது பேராசிரியர்க்கும் முனைவர்க்கும் உரிய இடம் என்றும், தொடக்கப்பள்ளி ஆசிரியர் அங்கே கேட்கச் செல்லலாமே அன்றிப் பேசச் செல்லலாகாது என்றும் எண்ணுவோர் நம்மிடையே பலர் உளர்.

நம் பள்ளியின் தமிழாசிரியை ஒருவரும் தலைமையாசிரியராகிய நாமும் இணைந்து, கல்வி ஆய்வு மாநாடு ஒன்றில் கட்டுரை படைத்து வந்தோம். செய்தி தோட்டத்தில் பரவியதும் பெற்றோர் சிலர் மகிழ்ந்தனர், சிலர், "ஐயா, நம்ம மாதிரி சின்னப் பள்ளிக்கூடத்துக்கு இதெல்லாம் எதுக்கு?" என்று வெளிப்படையாகவே வினவினர். அந்த வினா நேர்மையானது. அதற்குரிய விடையை இவ்வாண்டு மலரின் வாயிலாகக் கூறுதல் நம் கடமை எனக் கருதுகின்றோம்.

மாநாடு நம் மண்ணுக்குப் புதிதன்று

1964-ஆம் ஆண்டு புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் தோன்றியது. அதன் முதல் மாநாடு சென்னையிலோ மதுரையிலோ கூடவில்லை. 1966 ஏப்ரலில் நம் கோலாலம்பூரிலேதான் கூடியது. மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறையின் தலைவராக விளங்கிய தனிநாயகம் அடிகளாரின் அரிய உழைப்பால் அது நிகழ்ந்தது. பின்னர் 1987-இல் ஆறாம் மாநாடும், 2015-இல் ஒன்பதாம் மாநாடும், 2023-இல் பதினோராம் மாநாடும் இதே நகரில் கூடின. தமிழ் இணைய மாநாடும் 2001-இல் கோலாலம்பூருக்கு வந்தது. தோட்டப்புற மக்கள் வியர்வை சிந்தி உருவாக்கிய இந்நாட்டில், தமிழாய்வு அரங்கு வேற்றார் வீட்டு முற்றம் அன்று. நம் வீட்டுத் திண்ணையே ஆகும்.

மாநாட்டில் நடைபெறுவது யாது என்பதை மாணவச் செல்வங்களின் பொருட்டுச் சுருங்கக் கூறுவோம். முதலில் ஆய்வின் சுருக்கத்தை எழுதி அனுப்புதல் வேண்டும். அறிஞர் குழு அதனைப் படித்து, தகுதியுடையதாயின் ஏற்கும். பின்னர் முழுக் கட்டுரையை எழுத வேண்டும். மாநாட்டு நாளன்று குறித்த நேரத்துக்குள் அதன் சாரத்தை அவையோர்முன் உரைத்து, அவர்கள் எழுப்பும் வினாக்களுக்கு விடை பகர வேண்டும். நமக்கு அளிக்கப்பட்டது பேச்சுக்கு 15 நிமிடமும் வினாவுக்கு 5 நிமிடமும். ஈராண்டு உழைப்பை 15 நிமிடத்தில் அடக்குதல் கடலைச் செம்பில் முகப்பதற்கு ஒப்பாகும் எனினும், அதுவே பயிற்சி.

நாம் எடுத்துக்கொண்ட பொருள்

நம் கட்டுரையின் பொருள், வகுப்பறையில் நிகழும் கருத்துப் பரிமாற்றம். இதனைத் தொடர்பாடல் என்றும் அறிஞர் வழங்குவர். இத்துறைக்கு அடித்தளமிட்டோருள் ஒருவர் அமெரிக்கப் பொறியியல் அறிஞர் கிளாட் ஷானன். தொலைபேசி ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய அவர், 1948-இல் வெளியிட்ட கட்டுரையில், செய்தி ஓரிடத்தில் பிறந்து, அனுப்பும் கருவி வழியாகச் சென்று, வாங்கும் கருவியை அடைந்து, உரியவரைச் சேர்வதையும், இடைவழியில் இரைச்சல் புகுந்து செய்தியைச் சிதைப்பதையும் ஒரு படமாக வரைந்து காட்டினார். கம்பி வழியே செல்லும் செய்திக்கு வகுத்த அப்படம், பின்னர் மனிதர் பேச்சுக்கும் எடுத்தாளப்பட்டது.

இரைச்சல் என்றால் என்னவென்று நம் பள்ளிப் பிள்ளைகளுக்கு விளக்க வேண்டுவதில்லை. பிற்பகல் மழை தகரக் கூரைமேல் இறங்கும்போது ஆசிரியரின் வாயசைவு மட்டுமே தெரியும். செம்பனைக் குலைகளை ஏற்றிய டிராக்டர் வேலியோரம் செல்லும்போது ஒரு வாக்கியம் முழுவதும் காற்றோடு போய்விடும். ஆனால், காதுக்குக் கேட்கும் இரைச்சலினும் கொடியது கருத்துக்குள் புகும் இரைச்சல். வில்பர் ஷிராம் எனும் தொடர்பாடல் அறிஞர் 1954-இல் இதற்கு விளக்கம் தந்தார். சொல்வோரின் அனுபவமும் கேட்போரின் அனுபவமும் எவ்வளவு ஒன்றன்மேல் ஒன்று படிகின்றனவோ, அவ்வளவே கருத்து கைமாறும் என்பது அதன் கருத்து. நெல் வயலைக் கண்டறியாத பிள்ளைக்கு நாற்று, களத்துமேடு, போரடித்தல் என்னும் சொற்கள் வெறும் ஒலிகளே. அப்பிள்ளைக்குச் செம்பனைக் குலையும், உதிர்ந்த பழத்தைப் பொறுக்கும் சாக்கும் தெரியும். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்று பயிற்சிக் கல்லூரியில் நம் விரிவுரையாளர்கள் கூறியதன் உட்பொருளும் இதுவே.

இனி, வகுப்பில் யார் பேசுகின்றனர் எனும் வினாவுக்கு வருவோம். நெட் ஃபிளாண்டர்ஸ் எனும் அமெரிக்கக் கல்வியாளர் வகுப்பறைப் பேச்சைக் கணக்கிட்டு ஒரு விதி கூறினார். பொதுவாக வகுப்பு நேரத்தில் மூன்றில் இரண்டு பங்கு யாரேனும் பேசுகின்றனர். அப்பேச்சிலும் மூன்றில் இரண்டு பங்கு ஆசிரியருடையது என்பதே அவ்விதி. இதனை நம் கணக்குப் பாடமாகச் செய்து பார்ப்போம். 30 நிமிடப் பாடத்தில் 20 நிமிடம் பேச்சு. அதில் 13 நிமிடத்திற்கு மேல் ஆசிரியர் பேச்சு. எஞ்சுவது 7 நிமிடத்திற்கும் குறைவு. அதனை 30 மாணவர்க்குச் சமமாகப் பங்கிட்டால் ஒரு பிள்ளைக்கு 14 நொடி கூடக் கிட்டாது. சமமாகப் பங்கிடப்படுவதும் இல்லை என்பதை ஆசிரியர் அனைவரும் அறிவர்.

மேரி பட் ரோ எனும் அம்மையார் தொடக்கப்பள்ளி அறிவியல் வகுப்புகளை ஆராய்ந்து 1974-இல் வெளியிட்ட செய்தி இன்னும் வியப்புக்குரியது. வினா தொடுத்த ஆசிரியர் விடைக்காகச் சராசரியாக ஒரு நொடியளவே காத்திருக்கின்றார்; அதற்குள் விடை வாராவிடின் வேறொருவரை அழைக்கின்றார் அல்லது தாமே விடையைக் கூறிவிடுகின்றார். அக்காத்திருப்பை மூன்று நொடியாக நீட்டியபோது, பிள்ளைகளின் விடைகள் நீண்டன. தெரியாது எனும் விடையும் வாய் திறவாமையும் குறைந்தன. மெல்லக் கற்போர் எனக் கருதப்பட்டோரும் பேசத் தொடங்கினர். ஒரு பிள்ளை விடை கூறி முடித்த பின்னரும் ஆசிரியர் சற்றே அமைதி காத்தல் வேண்டும். அவ்வமைதியில் பிள்ளை தன் விடையை மேலும் வளர்க்கும் என்பதும் அவர் கண்டதாகும்.

மேலை நாட்டார் கண்டவை இவை. நம்மிடம் ஒன்றும் இல்லையோ எனின், உண்டு. பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றிய நன்னூல், இலக்கணம் பேசப் புகுமுன் பாயிரத்திலேயே ஆசிரியர் இயல்பு, மாணாக்கர் இயல்பு, பாடம் சொல்லும் முறை, பாடம் கேட்கும் முறை ஆகியவற்றை விரித்துரைக்கின்றது. அங்கே ஒரு கணக்கு உள்ளது. ஆசான் உரைப்பதை எவ்வளவு நன்றாகக் கேட்டாலும் புலமையில் காற்பங்குதான் வந்தடையும். உடன் கற்பாரோடு பயிலும்போது மற்றொரு காற்பங்கு சேரும். கற்றதைப் பிறர்க்கு விரித்துரைக்கும்போதுதான் எஞ்சிய அரைப்பங்கும் நிறைவுறும் என்பது அதன் கருத்து. ஆசிரியர் பேச்சுக்குக் கால், தோழரோடு பேசுவதற்குக் கால், பிறர்க்கு எடுத்துரைப்பதற்கு அரை. இக்கணக்கை ஃபிளாண்டர்ஸ் கண்ட கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். நன்னூலார் பிள்ளையின் வாய்க்கு ஒதுக்கிய முக்காற்பங்கை இன்றைய வகுப்பறைகள் எங்கே வைத்திருக்கின்றன?

வகுப்பில் கண்டது

இவ்வினாவே நம் செயலாய்வின் வித்து. நம் பள்ளி, மாணவர் எண்ணிக்கை குறைந்த பள்ளி. இரண்டு ஆண்டுப் பிள்ளைகள் ஒரே அறையில் அமர்ந்து பயிலும் இணைந்த வகுப்புகள் இங்கே உண்டு. முதற்கண் நாம் வகுப்பின் பின்வரிசையில் தாளும் பென்சிலும் கொண்டு அமர்ந்தோம். தாளில் ஆசிரியர்க்கு ஒரு கட்டம், ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கட்டம். வாய் திறக்கும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு கோடு. கருவி இவ்வளவே, செலவு ஏதுமில்லை. பாடம் முடிந்தபோது ஆசிரியர் கட்டத்தில் கோடுகள் வேலிபோல் நின்றன. துடிப்புள்ள மூவர் நால்வர் கட்டங்களில் சில கோடுகள் இருந்தன. சில கட்டங்கள் வெண்மையாகவே இருந்தன.

வெண்கட்டத்துக்குரிய பிள்ளைகளுள் ஒரு சிறுமியைப் பற்றிச் சொல்லுதல் வேண்டும். அவள் தாயார் அதிகாலையில் நாசி லெமாக் பொட்டலம் கட்டி விற்பவர். விடுமுறை நாட்களில் அச்சிறுமி கடையில் நின்று, வருவோர்க்கு மலாயிலும் தமிழிலும் விடையிறுத்து, சில்லறையை உரக்க எண்ணிக் கொடுப்பதை நாமே பலமுறை கண்டுள்ளோம். அத்தகைய வாய்வன்மை உடையவள் வகுப்பில் நாட்கணக்கில் ஒரு சொல்லும் பேசவில்லை. கடையில் இருந்த வாய் வகுப்பில் எங்கே போயிற்று?

விடைக்கு நாம் நெடுநாள் தேட வேண்டியிருக்கவில்லை. கடையில் அவளை யாரும் செந்தமிழில் பேசு எனக் கேட்பதில்லை. வகுப்பிலோ விடையின் கருத்துக்கு முன்னரே அதன் வடிவம் திருத்தப்படுகின்றது. எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் வேறுபட்டு நிற்கும் நம் மொழியில் இவ்விடர்ப்பாடு மிகுதி. சார்லஸ் ஃபெர்குசன் எனும் மொழியியலார் 1959-இல் இத்தகைய இரட்டை வழக்கைப் பற்றி எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்படுவது. சிங்கப்பூரில் 2005-ஆம் ஆண்டு நிகழ்ந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட மறுஆய்வும், வகுப்பில் பேச்சுத் தமிழுக்கு இடமளிக்குமாறு பரிந்துரைத்தது. செந்தமிழை நாம் தாழ்த்தவில்லை. அது மாடி, வீட்டுப் பேச்சு அதற்கு ஏறும் படி என்கின்றோம்.

ஆகவே மூன்று செயல்களை மேற்கொண்டோம். வினாவுக்குப் பின் ஆசிரியர் மனத்துள் ஒன்று, இரண்டு, மூன்று என எண்ணிக் காத்தல் முதலாவது. விடையைப் பக்கத்திலிருக்கும் தோழரிடம் தன் வீட்டுப் பேச்சிலேயே முதலில் கூறி, பின்னர் வகுப்பின்முன் செந்தமிழில் கூறல் இரண்டாவது. மூத்த ஆண்டுப் பிள்ளை இளைய ஆண்டுப் பிள்ளைக்குப் பாடம் விளக்குதல் மூன்றாவது. இணைந்த வகுப்பைக் குறையென்று கூறுவோர் உளர். மூன்றாவது செயலுக்கு அதுவே வாய்ப்பாயிற்று.

முதற்சில வாரங்கள் எளியனவாய் இல்லை. மூன்று நொடி அமைதி, வகுப்பில் நிற்பவர்க்கு மூன்று நிமிடம் போல் தோன்றும் என்று ஆசிரியை கூறினார். ஆயினும் அவர் மனந்தளரவில்லை. ஒருநாள் பின்னம் பற்றிய பாடம். அச்சிறுமியின் அருகில் இளைய ஆண்டு மாணவன் ஒருவன் கால், அரை என்பன விளங்காமல் விழித்துக்கொண்டிருந்தான். அவள் தன் பையிலிருந்து பொட்டலம் கட்டும் பழுப்புத் தாள் ஒன்றை எடுத்தாள். "தம்பி, இங்க பாரு. ஒருக்கா மடிச்சா அரை. இன்னொருக்கா மடி. இப்ப விரிச்சுப் பாரு, எத்தனை கட்டம்? நாலு. ஒன்னை மட்டும் எடு, அதான் கால்." அவன் மடித்தான், விரித்தான், எண்ணினான், சிரித்தான். பின்னர் ஆசிரியை அவளை முன்னே அழைத்து, அதனையே வகுப்புக்கு விளக்கச் செய்தார். குரல் மெலிந்துதான் இருந்தது. ஆனால் அன்று அவள் கட்டத்தில் கோடுகள் விழுந்தன. அத்தாளை நாம் இன்றும் பாதுகாத்து வைத்துள்ளோம்.

அவையின்முன்

கட்டுரையைத் தமிழிலேயே எழுதினோம். சுருக்கத்தை மட்டும் மலாயிலும் ஆங்கிலத்திலும் தந்தோம். கிளம்புமுன் ஆறாம் ஆண்டு மாணவர்கள்முன் நூலகத்தில் ஒத்திகை நிகழ்ந்தது. ஒருவன் கடிகாரத்தைப் பிடித்து நேரம் பார்த்தான். மற்றொருவன், "ஐயா, இரைச்சல் என்று சொல்லும்போது நம் தகரக் கூரையில் மழை பெய்யும் படத்தைக் காட்டலாமே!" என்றான். அவ்வாறே செய்தோம். மாநாட்டு மண்டபத்தில் பலரும் உருகாட்டியில் வண்ணப் படங்களைக் காட்டினர். நாமும் காட்டினோம், எனினும் கோடுகள் நிறைந்த அந்தக் கட்டத்தாளை மஹ்ஜோங் தாளில் பெரிதாக வரைந்து சுவரில் ஒட்டியதே அவையோர் கண்ணைக் கவர்ந்தது.

நன்னூலார் ஆசிரியராகத் தகாதாரைக் கழற்காய் பெய்த குடத்துக்கு ஒப்பிடுவார். உள்ளே இட்ட நிரல் ஒன்று, வெளியே விழும் நிரல் வேறு. 15 நிமிடப் பேச்சுக்கு இதனினும் சிறந்த எச்சரிக்கை இல்லை. கண்ட சிக்கல், செய்த செயல், விளைந்த பயன், எஞ்சிய ஐயம் எனும் நான்கையும் நிரல் பிறழாமல் கூறுதலே நாம் கைக்கொண்ட முறை.

பேச்சு முடிந்ததும் பேராசிரியர் ஒருவர், "ஒரு சிறு பள்ளியில் கண்டதை எல்லாப் பள்ளிக்கும் பொருத்த இயலுமா?" என வினவினார். இயலும் என நாம் வாதிடவில்லை. செயலாய்வு எனும் சொல்லை 1946-இல் வழங்கிய கர்ட் லெவினும், ஆசிரியரே ஆய்வாளராதல் வேண்டுமென 1975-இல் எழுதிய லாரன்ஸ் ஸ்டென்ஹவுசும் காட்டிய வழி வேறு. பிறர் கண்ட முடிவைத் தன் வகுப்பில் சோதித்துப் பார்த்து, தன் பிள்ளைகளுக்கு உகந்ததைத் தேர்வதே அவ்வழி. எனவே, எம் முடிவைக் கொண்டு செல்ல வேண்டா, எம் கட்டத்தாளைக் கொண்டு சென்று தம்தம் வகுப்பில் கோடிட்டுப் பாருங்கள் என்று விடையிறுத்தோம். அவர் புன்னகைத்துத் தலையசைத்தார்.

இளம் ஆசிரியை ஒருவர் எழுந்து, "பிள்ளைகள் மிகுந்த வகுப்பில் காத்துக்கொண்டிருந்தால் பாடத்திட்டம் எப்படி முடியும், ஐயா?" என்றார். 20 வினா தொடுத்தாலும், ஒவ்வொன்றுக்கும் 3 நொடி வீதம் மொத்தம் ஒரே ஒரு நிமிடம்தானே ஆகின்றது என்று கணக்குக் காட்டினோம். அவை நகைத்தது, அவரும் நகைத்தார். இடைவேளையில் அவர் வந்து கட்டத்தாளின் படி ஒன்றை வாங்கிச் சென்றார். சிற்றூர்த் தேசியப் பள்ளி ஆசிரியை ஒருவர், தம் பிள்ளைகளும் வீட்டில் வட்டார மலாய் பேசி, வகுப்பில் ஊமையாகிவிடுவதைக் கூறினார். நம் சிக்கல் நமக்கு மட்டும் உரியதன்று என்பதை அறிந்துகொண்டது நாம் பெற்ற பயன்களுள் தலையாயது. பேசச் சென்ற இடத்தில் கேட்டு வந்ததே மிகுதி.

இதனால் பள்ளிக்கு என்ன பயன்?

பெற்றோர் பெருமக்களே! நம் பள்ளியின் எண்ணிக்கை குறைவதைக் காட்டி, பிள்ளைகளைப் பட்டணத்துக்கு அனுப்புவோமா எனத் தயங்குவோர் உங்களுள் உளர். உங்கள் கவலையை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், சிறு பள்ளிக்கு உரிய செல்வம் ஒன்று உண்டு. இங்கே ஒவ்வொரு பிள்ளையின் குரலையும் நாள்தோறும் கேட்க இயலும். அச்செல்வத்தைப் பயன்படுத்தாது பிள்ளைகளை வாய் மூடி இருக்கச் செய்வோமாயின் சிறுமை மட்டுமே எஞ்சும். பயன்படுத்துவோமாயின் சிறுமையே பெருமையாகும். மேலும், ஆறாம் ஆண்டு யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-இல் அகற்றப்பட்ட பின்னர், வகுப்பறை மதிப்பீட்டின் பொறுப்பு ஆசிரியரைச் சார்ந்துள்ளது. பேசாத பிள்ளையின் அறிவை எங்ஙனம் மதிப்பிடுவது? கலைத்திட்டத்தில் கேட்டல், பேச்சு எனும் திறன்கள் முதலிடம் பெற்றிருப்பதும் காரணமின்றி அன்று.

ஆதலின் ஒரு வேண்டுகோள். மாலையில் வீடு திரும்பும் பிள்ளையிடம் எத்தனை புள்ளி எனக் கேட்குமுன், இன்று வகுப்பில் நீ என்ன பேசினாய் எனக் கேளுங்கள். கேட்டபின் மூன்று நொடி காத்திருங்கள். வீட்டுப் பேச்சிலேயே அது சொல்லட்டும். செந்தமிழை நாம் சேர்ப்போம்.

ஆசிரியத் தோழர்களே! நம்முள் ஒவ்வொருவரும் பல்லாண்டு அனுபவத்தை நெஞ்சில் சுமக்கின்றோம். அதனை எழுதாது ஓய்வு பெறுவோமாயின் அது நம்மோடு அழியும். ஒரு வகுப்பு, ஒரு சிக்கல், ஒரு கட்டத்தாள் போதும், ஆய்வு தொடங்கிவிட்டது. அதனை மாவட்ட அளவிலோ பல்கலைக்கழக அரங்கிலோ எடுத்துரைப்பின், நன்னூலார் கூறிய அந்த அரைப்பங்கு நம்மையும் வந்தடையும்.

மாணவச் செல்வங்களே! தெரிந்ததை எழுந்து சொல்லுங்கள். தெரியாததை எழுந்து கேளுங்கள். உங்கள் குரலைக் கேட்கவே நாங்கள் இங்கே இருக்கின்றோம். நம் தோட்டத்துப் பிள்ளைகளின் குரல் நாளை பெரும் பெரும் அவைகளில் அஞ்சாது ஒலிப்பதாகுக! பள்ளி வளர்க! தமிழ் வாழ்க!